தலையும் குடுங்க: கொரியக் கடைத்தெருப் பேச்சு

பாம்பனில் பிறந்து, கடற்பாசி ஆராய்ச்சிக்குப் போன கணவரோடு 2013-லிருந்து 2020 வரை தென் கொரியாவின் பூசான் நகரத்தில் குடியிருந்தவள் நான். அந்த வாழ்க்கையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: அங்கே சாமான் வாங்கப் போனால் என்ன பேசுவது? இந்த முறை பதில்கள் எல்லாம் அதற்கே.

"அக்கா, ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. அவர் பூசானில் ஆராய்ச்சி மாணவர். தை மாதம் நானும் போகிறேன். ஆங்கில எழுத்தில் எழுதின இருநூறு கொரிய வார்த்தைகளை ஒருவர் அனுப்பினார். பத்துக்கு மேல் மனசில் நிற்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது?"
(வாசகி, தங்கச்சிமடம்)

தங்கச்சி, அந்தப் பட்டியலை மடித்து ஒரு பக்கமாக வைத்துவிடுங்கள். உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. கொரியனை ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பது தங்கச்சிமடத்திலிருந்து பாம்பனுக்கு மதுரை வழியாகப் போவது மாதிரி. முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் சுற்றினேன். ஒரு நாள் வெறுத்துப்போய் ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் வாய் திரும்பியது.

காரணம் சொல்கிறேன். கறிக்குக் கொரியனில் 'கோகி'. முதல் க-வைக் 'கல்' மாதிரியும், இரண்டாவதைத் 'தங்கம்' மாதிரியும் சொல்லுங்கள். அவ்வளவுதான், சரியான உச்சரிப்பு வந்துவிட்டது. அவர்களும் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தைத்தான் போடுகிறார்கள். சொல்லின் முதலில் வந்தால் வன்மை, நடுவில் வந்தால் மென்மை. த, ப எழுத்துகளும் அப்படியே. சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கி விற்பார்களே, அது 'தூபு'. தமிழில் எழுதியிருப்பதை நம் வழக்கப்படி வாசித்தாலே போதும்.

அடுத்தது குற்றியலுகரம். 'காசு', 'நண்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாது பாருங்கள். அந்த ஓசைக்குக் கொரியனில் தனி உயிரெழுத்தே உண்டு. படுக்கப் போட்ட ஒரு கோடுதான் அந்த எழுத்து. உப்பு 'சோகும்', பூண்டு 'மாநுல்', எண்ணெய் 'கிரும்'. இந்த மூன்றிலும் வரும் உகரம் அதுதான். நாம் பஸ்ஸு, கார்டு என்று ஆங்கில வார்த்தைக்கு வால் வைக்கிற மாதிரியே அவர்களும் வைப்பார்கள். பஸ் 'பொஸு', மார்ட் 'மாத்து', கார்டு 'காது'. கல்லாவில் நிற்கிற பெண் "காது?" என்று கேட்டால் கார்டை நீட்டுங்கள்.

ஒரு குறிப்பு: நான் 'ஒ' என்று குறிலாக எழுதுகிற இடத்தில் உதட்டைக் குவிக்காமல் அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில் சொல்ல வேண்டும். 'ஓ' என்று நெடிலாக எழுதினால் நன்றாகக் குவிக்கலாம்.

இனி வார்த்தைகள். முதலில் மூன்றே மூன்று. 'ஜுசேயோ' என்றால் குடுங்க. 'இஸ்ஸொயோ' என்றால் இருக்கு. குரலை ஏற்றிச் சொன்னால் இருக்கா? 'ஒப்ஸொயோ' என்றால் இல்லை. வெங்காயம் 'யாங்பா', உருளைக்கிழங்கு 'காம்ஜா', இஞ்சி 'செங்காங்', பச்சை மிளகாய் 'கோச்சு', கத்தரிக்காய் 'காஜி', கேரட் 'தாங்குன்', முட்டை 'க்யேரான்', பால் 'ஊயு'. எதை வேண்டுமானாலும் முன்னால் வைத்து "யாங்பா இஸ்ஸொயோ?" என்று கேட்கலாம். எங்கே இருக்கிறது என்பதற்கு நடுவில் 'ஒதி' சேர்த்தால் போதும்: "சோகும் ஒதி இஸ்ஸொயோ?" உப்பு எங்க இருக்கு? தமிழில் எந்த வரிசையோ அதே வரிசை.

இந்த வரிசையை நான் உணர்ந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜாகால்ச்சி மீன் சந்தையில் முதல் இரண்டு தடவையும் மீன்காரம்மா தலையை வெட்டிக் கழிவு வாளியில் தள்ளிவிட்டார். தலை இல்லாமல் என்ன குழம்பு? மூன்றாவது தடவை, வீட்டிலேயே எழுதிப் பார்த்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: "மொரிதோ ஜுசேயோ." மொரி தலை, தோ நம்முடைய 'உம்', ஜு கொடு, சேயோ நம்முடைய 'ங்க'. தலையும் குடுங்க. முன்னே பின்னே மாற்ற ஒன்றுமே இல்லை. அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, வாளிக்குப் போகாமல் பலகையில் கிடந்த இன்னொரு தலையையும் பையில் போட்டார்.

அரிசி வாங்கும்போது மட்டும் கவனம். ஆங்கிலத்தில் நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே பெயர். கொரியனில் நம்மைப் போலவே மூன்று: நெல் 'ப்யொ', அரிசி 'ஸ்ஸால்', சோறு 'பாப்'. 'ஸ்ஸால்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். லேசாகச் சொன்னால் சதை என்று பொருள் மாறும். ஆனால் பூசான் பக்கத்துப் பெரியவர்களே லேசாகத்தான் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். பையில் 'ச்சாப்ஸ்ஸால்' என்று முன்னால் ஓர் அசை சேர்ந்திருந்தால் அது ஒட்டும் அரிசி. நான் விவரம் தெரியாமல் அதில் ஒரு பெரிய பை வாங்கி, உலை வைத்து, கரண்டியை வெளியே எடுக்க முடியாமல் அழுதிருக்கிறேன். 'ச்சாம்கிரும்' என்பது எள்ளெண்ணெய்தான், ஆனால் வறுத்த எள்ளில் எடுப்பது. தோசைக்கு ஊற்றினால் அந்த வாசனை தவிர வேறெதுவும் தெரியாது. தாளிக்க 'சிகியோங்நியு' என்று கேளுங்கள்.

"விலை சொன்னால் புரியவே மாட்டேன் என்கிறது. ஒன்று இரண்டுக்கே அங்கே இரண்டு வரிசை இருக்கிறதாமே?"
(கல்லூரி மாணவர், மண்டபம்)

ஆமாம் தம்பி. காசுக்கு ஒரு வரிசை, பொருளை எண்ண ஒரு வரிசை. காசுக்கு: இல், இ, சாம், சா, ஓ, யுக், ச்சில், பால், கு, சிப். நூறு 'பெக்', ஆயிரம் 'ச்சொன்', பத்தாயிரம் 'மான்'. கடைத்தெருவில் ஓடுவதெல்லாம் ச்சொன்னும் மானும்தான். 7,500 வோன் என்றால் "ச்சில்ச்சொன் ஓபெக் வோன்". 23,000 என்றால் "இமான் சாம்ச்சொன் வோன்", அதாவது இரண்டு பத்தாயிரம், மூன்று ஆயிரம். நாம் லட்சத்தில் கணக்குப் போடுகிறோம், அவர்கள் பத்தாயிரத்தில். ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான், சொல்லும்போது 'சிம்மான்'.

பொருளை எண்ண ஹானா, துல், செத், நெத், தாசொத். பின்னால் அளவுச் சொல் வந்தால் முதல் நான்கும் குறுகும்: ஹான், து, சே, நே. ஒன்று என்பது ஒரு ஆவது போலத்தான். பொதுவாக எதற்கும் 'கே' போட்டு "து கே ஜுசேயோ" என்றால் இரண்டு குடுங்க. கீரை ஒரு கட்டு "ஹான் தான்". முட்டை ஓர் அட்டை "ஹான் பான்", அதில் முப்பது இருக்கும். பழைய சந்தைகளில் 'குன்' என்று ஓர் எடை சொல்வார்கள்; கறிக்கு அது 600 கிராம், காய்கறிக்கு 400 கிராம். இதைத் தெரிந்துகொள்ளாமல் விலையை ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். எவ்வளவு என்று கேட்க: "இகொ ஒல்மாயேயோ?"

"நாற்பது வருஷமா மீன் விக்கிறவ நான். மகன் உல்சான்ல வேலை பாக்குறான், மருமகளும் போயிட்டா. அங்க நம்ம மீன் கிடைக்குமா? கூறு போட்டு விப்பாங்களா? பேரம் பேசலாமா?"
(வாசகி சொல்ல, பேத்தி எழுதியது, தொண்டி)

அம்மா, உங்கள் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். கூறு உண்டு. அங்கே அதற்குப் பெயர் 'முதொகி'. சின்னக் கூடையில் அள்ளி வைத்து விற்பதும் உண்டு, அது 'பாகுனி'. தனி மீனை 'மாரி' போட்டு எண்ணுவார்கள், "ஹான் மாரி" ஒரு மீன். கோதுங்-ஒ என்கிற மீனை ஜோடியாக விற்பார்கள். நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்கார மீன் அது. அந்த ஜோடிக்கு 'சோன்' என்று பெயர். சோன் என்றால் கை. ஒரு கைப்பிடிக்கு இரண்டு மீன் என்று கணக்கு.

நம்ம மீன்களின் உறவுக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். சாவாளை 'கால்ச்சி', நெத்திலி 'மியொல்ச்சி', வாவல் 'பியொங்-ஒ', திருக்கை 'காஓரி', சுறா 'சாங்-ஒ', மடவை 'சுங்-ஒ'. ஊசிக்கணவாய் 'ஓஜிங்-ஒ', ஓட்டுக்கணவாய் அதற்கு முன்னால் 'காப்' சேர்ந்து 'காபோஜிங்-ஒ'. இறால் 'செஉ', நண்டு 'கே'. நெத்திலிக் கருவாட்டை அளவு பிரித்து வைத்திருப்பார்கள். பொடிசு வறுக்க, பெரிசு சாறு இறக்க. பூசானின் வடகிழக்கே கிஜாங் பக்கம் தேப்யொன் துறைமுகத்தில் வசந்த காலத்தில் நெத்திலிப் படகுகள் வந்து, ஆட்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் வலை உதறுவார்கள். வெள்ளிச் செதில் முகமெல்லாம் தெறிக்கும். நான் கரையில் நின்று பாம்பன் துறையை நினைத்துக்கொண்டேன்.

ஐஸ் மீனா, பச்சை மீனா என்று கேட்க "செங்முரியேயோ?" உறைய வைத்தது என்றால் 'நேங்தோங்' என்பார்கள். சுத்தம் பண்ணித் தரச் சொல்ல "சோன்ஜில்ஹே ஜுசேயோ". உடனே அவர்கள் சுடவா, குழம்பா என்று திருப்பிக் கேட்பார்கள். சுடுவதற்கு 'குஇ', காரமாகக் குறுக வைப்பதற்கு 'ஜோரிம்'. நம் குழம்புக்கு ஜோரிம் என்று சொன்னால் துண்டு சரியாக வரும். தலையை மறக்க வேண்டாம், மேலே எழுதியிருக்கிறேன்.

பேரத்துக்கு வருகிறேன். விலை ஒட்டிய பெரிய கடையில் கூடாது. சந்தையில் உண்டு, ஆனால் முறை இருக்கிறது. முதலில் கூப்பிடுகிற உறவு. அம்மாவின் கூடப்பிறந்தவள் 'இமோ', அப்பாவின் கூடப்பிறந்தவள் 'கோமோ'. நம்மைப் போலவே அவர்களும் சித்தியையும் அத்தையையும் ஒன்றாகக் கலப்பதில்லை. கடைக்காரம்மாவைக் கூப்பிட இமோதான். 'ஆஜும்மா' என்று தெரியாத பெண்ணைக் கூப்பிட்டால் சிலருக்கு வருத்தம் வரும். ஆண் கடைக்காரரை 'சாஜாங்நிம்', அதாவது முதலாளி என்றால் யாருக்கும் குறையில்லை. மருமகளை "இமோ, க்காக்கா ஜுசேயோ" என்று சொல்லச் சொல்லுங்கள், சித்தி, குறைச்சுக் குடுங்க. அவர்கள் குறைக்காவிட்டாலும் கொசுறு போடுவார்கள். கொசுறுக்கும் அங்கே ஒரு சொல் உண்டு, 'தொம்'. நான் இரண்டு கடை பழகினேன். இரண்டிலும் தொம் கேட்காமலே விழுந்தது, எப்போதும் இரண்டு காரமான 'ச்சொங்யாங்' மிளகாய். காரம் தின்கிறவள் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

எங்கள் வீடு யொங்தோ தீவில். தீவையும் ஜாகால்ச்சிப் பக்கத்தையும் சேர்க்கிற பாலம் 1934-இல் கட்டியது, கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்குகிற பாலம். பல காலம் தூக்காமல் கிடந்து 2013-இல் மறுபடி தூக்க ஆரம்பித்தார்கள். தூக்குப் பாலத்தைப் பார்த்து வளர்ந்த பாம்பன்காரிக்கு அந்த வழியாகச் சந்தைக்கு நடப்பது ஊருக்குள் நடப்பது மாதிரியே இருந்தது. அந்தப் பக்கம் இறங்கினால் "ஓஇசோ, போஇசோ, சாஇசோ" என்று எழுதிய பலகை இருக்கும். வாங்க, பாருங்க, வாங்கிக்கங்க. அது பூசான் வட்டாரப் பேச்சு.

"லாத்தா, மகன் சியோலுக்குப் படிக்கப் போகிறான். ஹலால் சாமான் வாங்க என்ன கேட்க வேண்டும்?"
(வாசகி, கீழக்கரை)

சியோலில் இதேவோன் பகுதியில் 1976-இல் திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அதைச் சுற்றி ஹலால் இறைச்சிக் கடைகளும், நம் பருப்பும் மசாலாவும் விற்கிற கடைகளும் உண்டு. உளுந்தும் அங்கேதான் கிடைக்கும். கேட்க வேண்டிய சொல் 'ஹால்லால்'.

பொட்டலச் சாமானுக்கு ஒரு வழி சொல்கிறேன், மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். பன்றிக்கறி 'த்வேஜிகோகி', மாட்டுக்கறி 'சோகோகி', கோழி 'தாக்கோகி'. அந்த நாட்டுச் சட்டப்படி ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைப் பொட்டலத்தின் பின்பக்கம் தனியாக எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் இந்த மூன்று கறியும் சேர்த்தி. சேர்மானங்களுக்குப் பக்கத்தில் வேறு நிறப் பட்டையில் இருக்கும், 'ஹாம்யு' என்று முடியும். 'அடங்கியது' என்று பொருள். நூடுல்ஸ் பொட்டலத்தில் அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். மது மட்டும் அந்தப் பட்டையில் வராது. 'சுல்' என்றால் மது. சமையலுக்கு ஊற்றுகிற 'மாத்சுல்' மசாலாச் சாறுகளில் கலந்திருக்கும். சேர்மானப் பட்டியலையும் படிக்க வேண்டும். வாயால் கேட்பதானால்: "த்வேஜிகோகி துரொ இஸ்ஸொயோ?" பன்றிக்கறி கலந்திருக்கா?

அவர்கள் எழுத்து 1446-இல் சேஜோங் மன்னர் மக்களுக்காக வெளியிட்டது. அடிப்படை எழுத்து இருபத்து நான்குதான். விமானம் ஏறும் முன் பத்து நாள் உட்கார்ந்தால் மகன் படித்துவிடுவான்.

"நாங்கள் சைவம். கறி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?"
(வாசகர், ராமேஸ்வரம்)

"கோகி பே ஜுசேயோ", கறி எடுத்துட்டுக் குடுங்க. ஆனால் கோகி என்றால் மீன் அவர்கள் நினைவுக்கு வராது. சாறு பெரும்பாலும் நெத்திலியில் இறக்குவது, கிம்ச்சியில் மீன் அல்லது இறால் ஊறுகாய் சேர்ப்பது வழக்கம். அதனால் 'செங்சொன்' (மீன்) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புத்தக் கோயில் சாப்பாடு 'சாச்சால் உம்சிக்' கிடைத்தால் தயங்காமல் சாப்பிடலாம், வெங்காயம் பூண்டு கூட இருக்காது. வீட்டுக்குப் பாசிப்பயறு 'நோக்து'. தோல் நீக்கியது வேண்டுமானால் 'க்கான் நோக்து' என்று கேளுங்கள், பொங்கலுக்கு அருமையாகக் குழையும்.

"அம்மா, அப்பா கூட ஒன்றாமே. கொரியன் தமிழிலிருந்து வந்ததா?"
(வாசகர், தேவிபட்டினம்)

இல்லை. அம்மா 'ஒம்மா', அப்பா 'ஆப்பா', புல் 'புல்', வா 'வா', நாள் 'நால்' எல்லாம் உண்மைதான். முதல் தடவை கேட்டபோது எனக்கும் புல்லரித்தது. ஆனால் நாலு சொல் ஒத்துப்போனால் தாய் மகள் உறவு ஆகிவிடாது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலார் ஏற்கவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்தும் வாக்கியம் கட்டுகிற விதம் ஒத்திருக்கிறதே, படிக்க அது போதாதா?

"பாசி எடுக்கப் போறவ நான். அங்கே பாசியைத் தின்பார்களாமே?"
(வாசகி, மாயாகுளம்)

தின்பார்கள் அக்கா, தினமும். எங்கள் அம்மாவும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் எடுத்தவர்தான். காலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாறையில் கை கிழிய எடுத்த பாசியை வியாபாரி எடை போட்டு வாங்கிப் போனதோடு எங்கள் கண்ணுக்கு அது மறைந்துவிடும். அங்கே கடையில் ஒரு வரிசை முழுக்கப் பாசி இருந்ததைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். தாளாகத் தட்டிக் காய வைத்தது 'கிம்', நூறு தாள் சேர்ந்தால் ஒரு 'தோத்'. சாறு இறக்கப் பட்டையான 'தாசிமா'. மரிக்கொழுந்தைப் போலவே அகர் எடுக்கிற செம்பாசி 'உமுத்காசாரி'. அதைக் காய்ச்சி உறைய வைத்துக் கோடையில் குளிரக் குளிரத் தின்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிது 'மியொக்'. பிள்ளை பெற்றவளுக்கு நாம் பால்சுறாப் புட்டு கொடுப்போமே, அங்கே மியொக் போட்ட கஞ்சித்தண்ணீர் மாதிரிச் சாறு, 'மியொக்குக்'. வாரக்கணக்கில் கொடுப்பார்கள். பிறந்த நாளுக்கும் அதுதான், பெற்றவளின் நினைவாக. என் மகள் அங்கே பிறந்தபோது மேல்வீட்டுப் பாட்டி ஒரு சட்டி நிறைய எடுத்து வந்தார். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "பாசியையா பிள்ளைபெத்தவளுக்குக் குடுக்குறாக?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கல்லாவில் வேகமாக என்னவோ கேட்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன். என்னதான் கேட்கிறார்கள்?"
(பூசானிலிருந்து ஏர்வாடி வாசகி)

முதலில் புள்ளிக் கணக்கு: "போஇந்து…" என்று ஆரம்பித்தால் கடையில் உறுப்பினரா என்று கேட்கிறார்கள். 'யொங்சுஜுங்' என்ற சொல் காதில் விழுந்தால் ரசீது வேண்டுமா. வாங்கும்போதே பொட்டலத்தில் தேதி பாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து 'சோபிகிஹான்' என்று, எதுவரை சாப்பிடலாம் என்கிற தேதியைப் போடுகிறார்கள். பெரிய மார்ட்டுகளுக்கு மாதம் இரண்டு நாள் கட்டாய விடுமுறை உண்டு. பல ஊர்களில் இரண்டாம், நான்காம் ஞாயிறு. சில ஊர்களில் வார நாளுக்கு மாற்றியிருக்கிறார்கள். வாசலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக "போங்த்து பிரியோஹாசேயோ?" என்பார்கள். பை வேணுமா? நம் மாநிலத்தில் ஒருமுறை தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த அதே 2019 ஜனவரி 1 அன்றுதான் அங்கேயும் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார்கள். காசு கொடுத்து 'ஜோங்நியாங்ஜே போங்த்து' வாங்கலாம். அது குப்பை கட்டி வெளியே வைக்க உள்ளாட்சி விற்கிற பை. 1995-லிருந்து அந்தப் பையில் கட்டினால்தான் குப்பை எடுப்பார்கள். வீட்டுக்கு எப்படியும் வேண்டியதுதான், சாமானையும் அதில் சுமந்து வரலாம். ஆனால் ஊருக்கு வரும்போது இரண்டு மஞ்சப்பை எடுத்துப் போங்கள். கேட்டதும் பையை விரித்துக் காட்டி "க்வென்ச்சானாயோ" என்று சொல்லுங்கள், பரவாயில்லைங்க. என்னுடையது ராமநாதபுரம் ஜவுளிக் கடைப் பை. அதில் எழுதியிருப்பது என்ன எழுத்து என்று இரண்டு பேர் கேட்டார்கள்.